மைதானத்துக்குக் கடைசிப் பூட்டு, முதல் சாவி

2020 அக்டோபர் முதல் வாரத்தில் கேரளம் முழுக்க 144 தடை உத்தரவு வந்தது. ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது. வாலிபாலில் நெட்டின் ஒரு பக்கத்துக்கே ஆறு பேர் வேண்டும். எங்கள் பையன் ஒருவன் பீட் போலீஸ்காரரிடமே போய்க் கேட்டான்: "சார், நெட்டுக்கு அந்தப் பக்கம் அஞ்சு, இந்தப் பக்கம் அஞ்சுன்னு ரெண்டு கூட்டமா எண்ணிக்கக் கூடாதா?" அவர் நல்ல மனிதர், சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாஷே, அந்த நெட்டைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். கழற்றிக் கொண்டு போனேன்.

நான் பாலக்காடு மாவட்டம் பெருமாட்டிக்காரன். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். சித்தூர் தாலுகாப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன்; அதனால்தான் எல்லாருக்கும் நான் 'மாஷ்'. மாலை நேரத்தில் வாலிபாலும் கபடியும் சொல்லிக் கொடுப்பதை மட்டும் விடவில்லை. கொரோனாக் கதையை இப்போது எதற்கு எடுக்கிறேன் என்று கேட்கலாம். 2025 ஜூலையில் எங்கள் மாவட்டத்திலேயே நிபா உறுதியானது. தச்சநாட்டுகரை, கரிம்புழை பஞ்சாயத்துகளில் சில வார்டுகளைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக்கினார்கள். அந்த வாரம் என்னிடம் விளையாட வரும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "மாஷே, மறுபடியும் கிரவுண்டை மூடுவாங்களா?" என்பதுதான். அவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பஞ்சாயத்திடமும் இல்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் இவ்வளவு பட்டும், ஊர் மைதானத்தை எப்போது மூடுவது, எப்படித் திறப்பது என்று ஒரு பக்கம் கூட நாம் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

கட்டுப்பாடே கூடாது என்கிற கட்சி அல்ல நான். 2020 மார்ச்சில் யாருக்கும் ஒன்றும் தெரியாது; மூடியது சரி. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் மூடியதும் சரி. எங்கள் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சியதாக மயிலம்மா தலைமையில் பெண்கள் உட்கார்ந்து போராடி, 2004 மார்ச்சில் இயக்கம் நின்ற கோக்ககோலா ஆலை அங்கேதான் நிற்கிறது. 2021 ஜூனில் அந்தக் கட்டடமே 550 படுக்கைகள் கொண்ட கொரோனா சிகிச்சை மையமானது. பூட்டிக் கிடந்த ஆலைக்குள் கட்டில் போடும் அளவுக்கு நிலைமை இருந்தது என்றால், அந்த மாதத்தில் கபடி ஆடியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. என் சண்டை அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களைப் பற்றியது. நோய் தணிந்த பிறகும் மைதானம் மட்டும் மூடியே கிடந்ததே, அந்த மாதங்கள்.

வரிசையைப் பாருங்கள். 2020 மே மாத நடுவில் கள்ளுக்கடைகள் பார்சலுக்குத் திறந்தன. சித்தூர் கள்ளுக்குப் பேர் போன இடம். இறக்குகிறவர்களின் பிழைப்பு அது, நான் குறை சொல்ல மாட்டேன். மே கடைசியில் அரசு மதுக்கடைகளான பெவ்கோ கடைகள் திறந்தன, அதற்கு 'பெவ்க்யூ' என்று ஒரு செயலியே வந்தது. டோக்கன் எடுத்து, இடைவெளி விட்டு, வரிசையில் நின்று பாட்டில் வாங்க அரசு வழி கண்டுபிடித்தது. டிசம்பர் 10ஆம் தேதி எங்கள் மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். இரண்டுக்கும் கொட்டு, கொடி, கூட்டம் எதற்கும் குறைவில்லை. வாலிபால் நெட் மட்டும் என் வீட்டுப் பரணில் கிடந்தது.

காகிதத்தில் அனுமதி இல்லாமல் இல்லை. 2020 மே 17ஆம் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவிலேயே விளையாட்டு வளாகங்களையும் ஸ்டேடியங்களையும் பார்வையாளர் இல்லாமல் திறக்கலாம் என்று இருந்தது. இந்திய விளையாட்டு ஆணையமும் அந்த மாதமே பயிற்சிக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் வளாகமும் ஸ்டேடியமும் எங்களிடம் ஏது? எங்கள் கிரவுண்டு என்பது அறுவடை முடிந்த வயல், அல்லது தென்னந்தோப்பை ஒட்டிய பொறம்போக்கு. கேட் இல்லை, காவலாளி இல்லை, தெர்மாமீட்டர் பிடிக்க ஆள் இல்லை. ஸ்டேடியத்துக்கு எழுதிய விதி வயலுக்கு வந்து சேரவில்லை. வயலுக்கு வந்து சேர்ந்தது ட்ரோன்தான்.

அந்த ட்ரோன் வீடியோக்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரலில் திருப்பூர் போலீஸ் பறக்கவிட்ட ட்ரோனைக் கண்டு, கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் போர்டையே கேடயமாகப் பிடித்து ஓடியதை நாடே பார்த்துச் சிரித்தது. கேரளப் போலீஸார் அதே மாதம் தங்கள் ட்ரோன் வீடியோவை, ரவி சாஸ்திரியின் கிரிக்கெட் வர்ணனையைப் பின்னணியில் ஓடவிட்டு வெளியிட்டார்கள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருந்தது. ஆட்டம் என்றால் வேலையற்ற வேலை, ஆடுகிறவன் பொறுப்பற்றவன் என்ற தீர்ப்பு. அதே பையன்கள்தான் எங்கள் ஊரில் சமூக அடுக்களையில் சோறு கட்டினார்கள். ஆஷா சுகாதாரப் பணியாளரான சேச்சி எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு சித்தூருக்கும் வண்டித்தாவளத்துக்கும் போய், படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள். மூடிய அறைக்குள் பத்துப் பேர் நின்று பொட்டலம் மடித்தால் சேவை. திறந்த வயலில் பத்துப் பேர் நின்று பந்து தட்டினால் குற்றம்.

ஆபத்து எங்கே இருந்தது என்பதை ஆடத் தெரிந்தவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆட்டத்தில் அவ்வளவு இல்லை, ஆட்டத்தின் ஓரத்தில் இருந்தது. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்னால் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று போவார்கள். போன இடத்தில் ஒரு குடம், ஒரு சொம்பு. வாய் வைத்துக் குடிக்கிறவன், அண்ணாந்து குடிக்கிறவன் எல்லாரும் அதே சொம்புதான். பள்ளிக்கூடத்து ஓர் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவார்கள். ஆட்டம் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் நெருக்கியடித்து, கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தோற்றதற்கு யார் காரணம் என்று முகத்துக்கு முகம் கத்துவார்கள். ராத்திரி கோழிக்கறி. இத்தனைக்கும் நடுவில் வாலிபால் ஆடிய நேரம் முக்கால் மணி; அதில் நெட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள்கள், ஒவ்வொருவருக்கும் இடையில் இரண்டு மூன்று மீட்டர், மேலே வானம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. வைரஸ் எங்கே சந்தோஷப்பட்டிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது என் சொந்த ஊகம் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 2020இல் நடந்த ரக்பி லீக் ஆட்டங்களை ஆய்வாளர்கள் வீடியோ வைத்து ஆராய்ந்தார்கள். தொற்று இருப்பது தெரியாமல் 8 வீரர்கள் 4 ஆட்டங்களில் ஆடியிருந்தார்கள். ரக்பி என்றால் கட்டிப்பிடித்து உருளும் ஆட்டம், நம் கபடிக்கு அண்ணன். அப்படியும், பிறகு தொற்று கண்டவர்களுக்கு அது வந்த வழி எது என்று தேடியபோது, அணிக்குள் பழகியது, ஒரே காரில் போனது, ஊருக்குள் பரவியது என்றுதான் காரணங்கள் கிடைத்தன. ஆட்டக்களத்தில் தொற்றியதாக அவர்களால் காட்ட முடியவில்லை. கார் என்ற இடத்தில் பிக்கப் என்று போட்டுக்கொண்டால் எங்கள் ஊர்க் கதை.

ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2020 மே தொடக்கத்திலேயே ஒரு திட்டம் வெளியிட்டது. மூன்று படிகள்: முதலில் தனியாகப் பயிற்சி, பிறகு பத்துப் பேருக்கு மிகாத சிறு குழு, கடைசியில் முழு ஆட்டம். வீட்டிலேயே உடை மாற்றி வா, பயிற்சியை முடி, நிற்காமல் கிளம்பு என்பது அதன் சாரம். ஒலிம்பிக் வீரனுக்கு மட்டுமல்லாமல் ஊர்க் கிளப்புக்கும் அதில் தனியாக எழுதியிருந்தார்கள். இங்கிலாந்தில் 2021 மார்ச் 29 அன்று திறந்தவெளி ஊர் ஆட்டங்களை அனுமதித்தார்கள். மதுக்கூடங்களின் வெளி முற்றத்துக்கு ஏப்ரல் 12 வரை காத்திருக்கச் சொன்னார்கள். நம் வரிசையை மேலே சொல்லிவிட்டேன்.

நம்மூர் அரசுகளுக்கு விதி எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 பொங்கலுக்குத் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை நடத்தியது. மாடுபிடி வீரர்கள் 300 பேருக்கு மிகக் கூடாது, பார்வையாளர் பாதி, வீரர்களுக்குப் பரிசோதனைச் சான்று கட்டாயம் என்று எல்லாம் விலாவாரியாக இருந்தது. புரோ கபடி 2021 டிசம்பர் தொடங்கி பெங்களூரில் ஒரே ஹோட்டலுக்குள் பார்வையாளர் இல்லாமல் நடந்து முடிந்தது. ஐ.எஸ்.எல். கோவாவில் நடந்தது. பின்னால் ஆள் இருந்த ஆட்டத்துக்கு விதி பிறந்தது. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை.

கேரளத்தின் 2021 ஜூன் மாத விதிகளை மட்டும் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பரிசோதனைக்கு வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று என்று பார்த்து, ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். தொடக்கத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்த இடங்களில், உடல் தொடாத திறந்தவெளி ஆட்டம் ஆடலாம் என்றார்கள். அதைப் படித்ததும் பரணில் இருந்த நெட் கீழே இறங்கியது. வாலிபால் தொடாத ஆட்டம்தானே. கபடிக்காரர்கள்தான் பாவம். ஒருவன் என்னிடம், "தொடாம ஆடுறதுக்கு அது என்ன கபடியா, கதாகாலட்சேபமா?" என்று கேட்டான். அவர்களை ஓட்டம், குதி, எல்லைக்கோட்டுப் பயிற்சி என்று தனித்தனியாக வேலை வாங்கினேன். முனகிக்கொண்டே செய்தார்கள். ஆனால் அந்த விதியிலும் ஒரு கோளாறு. வாரத்துக்கு வாரம் எழுத்து மாறும். சிறிய பஞ்சாயத்தில் பரிசோதனைக்கு வருகிறவர் குறைந்தால் சதவீதம் தாறுமாறாக ஏறி இறங்கும். புதன்கிழமை திறந்த மைதானம் அடுத்த புதன்கிழமை மூடும். பிள்ளைகளிடம் நாளைக்கு வா என்று சொல்லவே முடியவில்லை.

எல்லையின் தொல்லை தனி. எங்களுக்கு மீனாட்சிபுரமும் கோபாலபுரமும் பக்கம். பந்தை ஓங்கி அடித்தால் தமிழ்நாட்டில் விழும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஓணத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இங்கே ஆட வருவார்கள், பொங்கலுக்கு நாங்கள் அங்கே போவோம். ஒரே அணியில் இரண்டு மாநிலத்து ரேஷன் கார்டு இருக்கும். 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போக ஆர்.டி.பி.சி.ஆர். சான்றோ, இரண்டு தடுப்பூசி போட்ட சான்றோ வேண்டும் என்றானது. பதினாறு வயதுப் பையனுக்கு அன்றைக்கு நாட்டில் தடுப்பூசியே கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி 3ஆம் தேதிதான் தொடங்கியது. ஆக, பரிசோதனை ஒன்றே வழி. கேரளத்தில் தனியார் லேப்களுக்கு அரசு வைத்த விலை 500 ரூபாய். பன்னிரண்டு பையன்களுக்கு 6,000. எங்கள் பக்கத்துச் சின்னப் போட்டிகளில் கோப்பையோடு கொடுக்கிற பணம் அதில் பாதி கூட வராது. பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்துகளும் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம். ஆழியாற்றுத் தண்ணீருக்கு இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரிக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.

இனி, பெண் பிள்ளைகள் கதை. இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

கேரளத்தில் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. கிட்டத்தட்ட இருபது மாதம். ஆண் பிள்ளைகள் எப்படியாவது ஆடிவிடுவார்கள். தோப்புக்குள் ஆடுவார்கள், வாய்க்கால் மேட்டில் ஆடுவார்கள், போலீஸ் வந்தால் ஓடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் பள்ளி மைதானம் மட்டும்தான். அதுவும் மாஷ் இருக்கிறார், பள்ளிப் பெயர் இருக்கிறது, சான்றிதழ் கிடைக்கும், அதில் மார்க் கிடைக்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏறி இறங்கிக் கேட்டு வாங்கிய சம்மதம். பள்ளி மூடியபோது அந்தச் சம்மதமும் காலாவதியானது. எங்கள் அணியில் நல்ல செட்டர் ஒருத்தி இருந்தாள். விரல் அவ்வளவு மென்மை. பந்து கைக்கு வந்ததும் போனதும் சத்தமே கேட்காது. ஆறு மாதம் மாட்டுக்கொட்டகைச் சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் அம்மா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மில்லில் சேர்த்துவிட்டார். அப்பாவுக்கு வேலை இல்லாத காலம், குற்றம் சொல்ல முடியாது. பள்ளி திறந்ததும் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காப்பி கொடுத்து, மரியாதையாக, "இனி எதுக்கு மாஷே" என்றார். அவளுடைய ஜெர்சியைத் தம்பி போட்டுக்கொண்டு திரிந்தான். வேறு இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு மைதானத்தை மூடுவதற்கு ஆகும் செலவை எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதாதீர்கள். ஆண் பிள்ளைக்கு அது ஒரு சீசன். பெண் பிள்ளைக்குப் பல வீடுகளில் அதோடு முடிந்தது. பிள்ளைகளின் மனநிலை கெட்டுப் போகிறது என்று கண்டு, 2020 ஜூலையில் கேரள அரசே 'சிரி' என்ற பெயரில் தொலைபேசி ஆலோசனைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். அதோடு ஒரு பந்தையும் கொடுத்திருக்கலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் எங்கள் தரப்பு ஆள்களைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் விட்ட மறுநாளே ஷூவை மாட்டுகிற பையன்கள் உண்டு. "ஒண்ணுமில்ல மாஷே, சாதா ஜலதோஷம்" என்பார்கள். கொரோனா சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கும் என்று தெரிந்ததும், பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவர்கள் 2020இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்தது 10 நாள் ஓய்வு, அறிகுறி எதுவும் இல்லாமல் 7 நாள், அதன் பிறகு நடை, மெல்லோட்டம், பயிற்சி, ஆட்டம் என்று ஏணிப்படி. லேசாக வந்து போனவர்களுக்கு இந்த நாள் கணக்கைப் பின்னால் தளர்த்தினார்கள். ஆனால் ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார் என்பது இன்றைக்கும் மாறவில்லை. இதை நான் சொன்னபோது ஒருவன் திருப்பிக் கேட்டான்: "நாளைக்கு நான் லோடு ஏத்தப் போகணும் மாஷே, அதுக்கு ஏணிப்படி யார் போடுவாங்க?" தேங்காய் மூட்டை தூக்கும் இதயமும் ஸ்மாஷ் அடிக்கும் இதயமும் ஒன்றுதான். அவனுக்கு அந்த இரண்டு வாரக் கூலியை யார் கொடுப்பது என்பதற்கு எந்த விளையாட்டு மருத்துவரிடமும் பதில் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி விதி எழுதுகிறவர்களின் மேசைக்குப் போக வேண்டும்.

இப்போது கேரள அரசு 'ஒரு பஞ்சாயத்து ஒரு களிக்களம்' என்று ஊர்தோறும் மைதானம் கட்டுகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். புது மைதானம் என்றால் வேலி வரும், கேட் வரும், பூட்டு வரும். அறுவடை வயலை யாராலும் பூட்ட முடியாது. கேட் போட்ட மைதானத்தை ஒரு ஃபோன் காலில் பூட்டலாம். அடுத்த தொற்று வரும்போது சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கேட் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

என் யோசனை, அந்தச் சாவி வார்டு மெம்பர், ஜே.எச்.ஐ. (இளநிலை சுகாதார ஆய்வாளர்), ஆஷா பணியாளர், கிளப் செயலாளர், ஒரு விளையாட்டு ஆசிரியர் ஆகியோர் சேர்ந்த சிறு குழுவிடம் இருக்க வேண்டும் என்பது. என்ன நோய் என்று முதலில் கேட்க வேண்டும். காற்றில் பரவுவதா, நிபா போல நோயாளியோடு நெருங்கிப் பழகுவதால் தொற்றுவதா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போடக் கூடாது. மூட வேண்டி வந்தால் முதலில் பிக்கப் பயணம், விருந்து, பரிசளிப்புக் கூட்டம் ஆகியவற்றை நிறுத்துங்கள். பிறகு வெளியூர்ப் போட்டி. பிறகு உடல் தொடும் ஆட்டம். கடைசியாகத்தான் பிள்ளைகளின் சாயங்காலப் பயிற்சி. திறக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாக. அவரவர் தண்ணீர் பாட்டில், வீட்டிலிருந்தே உடை மாற்றி வருவது, காய்ச்சல் என்றால் வீட்டில் இருப்பவனை அணியிலிருந்து நீக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னது முக்கியம். இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் பையன்கள் காய்ச்சலை மறைக்கிறார்கள். பெண் பிள்ளைகளின் பயிற்சிக்கு முதல் நேரத்தை ஒதுக்கி, அதைப் பஞ்சாயத்து முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். வீட்டில் காட்ட அவர்களுக்கு ஒரு காகிதம் வேண்டும்.

2025 டிசம்பர் தேர்தலில் வென்று வந்திருக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் மைதானத்தில்தான் கூட்டம் போட்டீர்கள். அடுத்த கிராமசபையில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மேலே சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி, வாசித்து, தீர்மானமாக்கி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஒரு நகலை எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊராட்சிக்கும் அனுப்புங்கள். தமிழில் எழுதித் தர நான் தயார்.